கப் என்றால் எந்தக் கப்?

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு அடுக்களையில் நின்று அழுதேன். கேக்கின் நடுவில் குத்திய ஈர்க்கில் மாவோடு வந்தது. பத்து நிமிஷம் கழித்துக் குத்தினேன், மறுபடியும் மாவு. ஓரமெல்லாம் கறுத்துக் கட்டியாகிவிட்டது, நடுவில் கூழாகக் கிடக்கிறது. மூன்று தட்டு வைத்தேன், மூன்றும் அதே கதி.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாமிக்குப் புதுவீட்டுப் பால்காய்ப்பு. தக்கலைக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எனக்குத் தாய் மாதிரி இருக்கிறவர்கள். கடன் வாங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கிக் கட்டி முடித்த வீடு. காலைச் சாப்பாட்டுக்கு அரிசி மாவைப் பொங்க வைத்து ஆவியில் அவிக்கிற வட்டயப்பமும் ஏத்தம்பழக் (நேந்திரம்பழக்) கேக்கும் நான் கொண்டுவருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். வட்டயப்பம் அம்மாவிடம் பார்த்துப் படித்தது, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கேக்குக்கு மட்டும் ஒரு வீடியோவை நம்பினேன்.

அந்த வீடியோவில் சொன்னதை அப்படியே தருகிறேன். வாழைப்பழம் இரண்டு, மைதா ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப், முட்டை இரண்டு, சோடா கொஞ்சம். அவ்வளவுதான். இதைத்தான் மூன்று மடங்காக்கிச் செய்தேன்.

வாழைப்பழம் இரண்டாம்! கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருத்தியிடம் வந்து "வாழைப்பழம் இரண்டு" என்று சொன்னால் என்ன அர்த்தம்? எங்கள் சந்தையில் போய் நின்று பாருங்கள். ஏத்தன், மட்டி, செந்துளுவன், பேயன், ரசகதலி, பாளையங்கோட்டான் என்று குலை குலையாகத் தொங்கும். மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த மட்டியில் ஒன்றைத் தோல் உரித்து எடை போட்டேன், 40 கிராம்கூட வரவில்லை. ஏத்தன் ஒன்றை உரித்துப் போட்டேன், 170 கிராம். ஒரு ஏத்தனுக்கு நாலு மட்டிக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் பேர் வாழைப்பழம்தான். அந்த வீடியோக்காரர் கையில் இருந்தது பச்சை நாடாவோ, ரொபஸ்டாவோ, எனக்கு எப்படித் தெரியும்? தோல் உரித்தபின் 200 கிராம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல எத்தனை நொடி ஆகும்?

அடுத்து இந்தக் கப். அமெரிக்காக்காரர் கப் ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. அரிசி குக்கரோடு பெட்டிக்குள் வருகிற பிளாஸ்டிக் கப் 180. என் வீட்டில் நான் கப் என்று எடுத்த எவர்சில்வர் கிண்ணத்தைப் பிறகு தண்ணீர் ஊற்றி அளந்தேன், 200 மில்லி. மேசைக்கரண்டிக்கும் இதே கதைதான். உலகத்துக்கெல்லாம் 15 மில்லி, ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் 20.

சரி, கப் 240 மில்லிதான் என்றே வைத்துக்கொள்வோம். அதிலாவது நிம்மதி உண்டா? மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120, 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 ஆகிவிடும். அதே கப், அதே மாவு, 25 கிராம் வித்தியாசம். நாலு கப் போடும் இடத்தில் 100 கிராம்! கேக் கல்லாவதும் களியாவதும் அதில்தான் இருக்கிறது.

என் கிண்ணத்துக்கு 100 கிராம் மாவு. அதற்கு இரண்டு ஏத்தம்பழம், 340 கிராம். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்குக்கு மேல் பழம். எந்த அடுப்பில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது வேகாது. இது எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. ஆறு முட்டை போச்சு, ஒன்றரைக் கிண்ணம் எண்ணெய் போச்சு, நன்றாகப் பழுத்துத் தோல் கறுக்கட்டும் என்று நாலு நாள் காத்து வைத்திருந்த பழம் போச்சு.

சோடாவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். "கொஞ்சம்" என்றால் எவ்வளவு? ஆப்பச்சோடா கூடினால் கேக் செம்பழுப்பாகிச் சோப்பு வாடை அடிக்கும், குறைந்தால் எழும்பாது. அதுவும் தயிரோ, மோரோ, பழமோ, புளிப்புள்ள ஏதாவது சேர்ந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அந்தப் புளிப்புச் சரக்கு அதற்குள்ளேயே கலந்திருக்கிறது. அதனால் சோடாவை விட மூன்று பங்கு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். வீடியோவில் ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டி "இதையும் சேர்த்துக்கோங்க" என்றால் நான் எதைச் சேர்ப்பது? இன்ஸ்டன்ட் ஈஸ்டை மாவில் நேராகப் போடலாம். மற்ற உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்க விட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதையும் "ஈஸ்ட் கொஞ்சம்" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். வட்டயப்பத்துக்குக் கள்ளு விட்டு மாவு பொங்க வைத்த ஊர் இது. 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளு இறக்கத் தடை என்றான பிறகு எத்தனையோ அடுக்களைகளில் ஈஸ்ட்தான். அதையாவது சரியாகச் சொல்லித் தாருங்கள்.

என் மைனியிடம் இதையெல்லாம் போனில் கொட்டினேன். "எந்தக் கப்பா இருந்தா என்ன, எல்லாத்தையும் ஒரே கப்புல அளந்தா போதாதா?" என்றாள். இதே பதிலைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் வருகிறது. கொழுக்கட்டைக்கு அது சரி. மாவும் தேங்காயும் சர்க்கரையும் ஒரே கிண்ணத்தில் அளக்கிறோம், கிண்ணம் சிறிதானால் எல்லாமே சேர்ந்து குறையும். முட்டையை யார் கிண்ணத்தில் அளக்கிறார்கள்? என் கிண்ணம் சிறியது என்று முட்டை சுருங்குமா? வாழைப்பழம் சுருங்குமா? சோடாக் கரண்டி சுருங்குமா? எண்ணிப் போடுகிற சாமானும் அளந்து போடுகிற சாமானும் ஒரு குறிப்பில் சேர்ந்து வந்தாலே, கப் எவ்வளவு என்று சொல்லியே ஆக வேண்டும். முட்டையிலும் நாட்டுக்கோழி முட்டை சின்னது, கடை முட்டை பெரியது. அதையும் யாரும் சொல்வதில்லை.

"அந்தக் காலத்துல பாட்டி எல்லாம் கிராம் பாத்தா செஞ்சாங்க?" என்று ஒரு கேள்வி வரும். என் பாட்டி முந்திரிக்கொத்து செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். சிறுபயறை வறுத்து, ஒன்றிரண்டாகத் திரித்து, நாழியில் அளந்து கொட்டுவாள். அதே நாழி வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தது. வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்துக் கருப்பட்டிப் பாகை ஊற்றும்போது என் கையைப் பிடித்து மாவுக்குள் வைப்பாள். "உருட்டிப் பாரு மக்களே. பிடிச்சா நிக்கணும், பொட்டிப் போகப்பிடாது. சூடு ஆறுனா உருளாது, வேகம் பிடி." பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் ஒதுக்கி, உருண்டு வருகிறதா என்று காட்டுவாள். அரிசி மாவுக் கரைசலில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விடும்போது, கரைசல் விரலை எவ்வளவு மூட வேண்டும் என்று தன் விரலை முக்கிக் காட்டுவாள். அதுவும் அளவுதான்! கிராமை விடத் துல்லியமான அளவு. நாழி என்ற எண்ணும் இருந்தது, பதம் பார்க்கும் அடையாளமும் இருந்தது, தப்பினால் திருத்த ஆளும் பக்கத்திலேயே இருந்தது.

வீடியோவில் இதில் ஒன்றாவது உண்டா? மாவை அடித்து முடித்தால் எப்படி விழ வேண்டும் என்று காட்டுவதில்லை. தோசைமாவு மாதிரியா, இட்லிமாவு மாதிரியா என்றாவது சொல்லலாம், அதுவும் இல்லை. "மீடியம் தீயில் அரை மணி நேரம்" என்கிறார்கள். அது அடி கனத்த குக்கரா, அலுமினியப் பாத்திரமா, ஓவனா? ஓவன் என்றால் எத்தனை டிகிரி? முன்னமே சூடேற்றினீர்களா? ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு மட்டும் போடுகிறார்கள்.

கிலோ, லிட்டர் என்ற மெட்ரிக் அளவுக்கு இந்த நாட்டில் சட்டம் வந்ததே 1956-ல். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே வருஷம் நவம்பர் 1-ல்தான். அதற்கப்புறம் நாழியும் பக்காவும் போய், கிலோவும் லிட்டரும் வந்து, பலசரக்குக் கடைப் பையன் முதல் மீன்காரி வரை எல்லாரும் கிராமில் பேசுகிறார்கள். அடுக்களைக்கு வந்தால் மட்டும் யாரோ ஒருவருடைய கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மைதாவைக் கடையில் அரைக் கிலோவாகத்தானே வாங்குகிறோம், அதை ஏன் கப்பில் எழுத வேண்டும்?

இப்படிக் கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தனக்காக மட்டும் செய்கிறவள் கேக் பொய்த்தால் நாய்க்குப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். பகிர்ந்து கொடுக்கச் செய்கிறவளுக்கு அது வாக்கு. முப்பது பேருக்கு என்று சொன்ன வாக்கு. ஞாயிறு காலை வட்டயப்பத்தை மட்டும் தூக்கிக்கொண்டு படியேறினேன். நடந்ததைச் சொன்னேன். மாமி விடவில்லை, என் வீட்டுக்கே வந்து தட்டைத் திறந்து கறுத்த ஓரத்தை விரலால் ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஓரம் நல்லாத்தான் பிள்ளே இருக்கு" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது ராத்திரி அழுததை விடக் கூடுதலாக அழுகை வந்தது.

புதன்கிழமை தராசை வைத்து மறுபடி செய்தேன். தோல் உரித்த ஏத்தம்பழம் 300 கிராம், மைதா 200, சர்க்கரை 130, எண்ணெய் 100, தயிர் 50, கடை முட்டை இரண்டு, ஆப்பச்சோடா 5 மில்லிக் கரண்டியில் தலைதட்டி ஒன்று, ஒரு நுள்ளு உப்பு, நாலு ஏலக்காய். 170 டிகிரியில் முன்னமே சூடேற்றிய ஓவனில் 50 நிமிஷம். மாவு இட்லிமாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து கட்டியாக விழ வேண்டும். ஈர்க்கில் சுத்தமாக வந்தது. சூடு ஆறுவதற்குள் முழுத் தட்டையும் மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியின் மகள் அளவு கேட்டாள். கிராமில் எழுதி, அந்தப் பேப்பரைத் தட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.