யாருக்குப் பகை?

சித்தப்பா: மக்ளே, பேரன் போனில் கேம் விளையாடினான் கேட்டியா, காசு 2147483647-ல் வந்து நின்றுவிட்டது. மேலே ஒரு பைசா ஏறமாட்டேன் என்கிறது. சும்மா நிற்குமா?

சுஜா: இடம் தீர்ந்துவிட்டது சித்தப்பா. கேம் ஒரு எண்ணை எழுதிவைக்கிற இடம் 32 சுவிட்ச் மாதிரி. எண்ணுக்கு 31, எல்லாம் போட்டாச்சு. 32-வது, எண் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டுவதற்கு.

சித்தப்பா: நான் கூட்டிப் பார்த்தேன். 46. நாலும் ஆறும் பத்து, பத்து என்றால் ஒன்று. சூரியன்! ஜோசியரும் அதையேதான் சொன்னார். ஐந்நூறு ரூபாய். பாறசாலைக்குப் போய் ஒரு கேரளா லாட்டரிச் சீட்டு எடுக்கலாமென்று கிளம்பிவிட்டேன்.

சுஜா: கூட்டி ஒன்று வந்தால், ஒன்பதால் வகுக்கும்போது மிச்சம் ஒன்று. அவ்வளவுதான். ஐந்நூறுக்கு நான் ஒரு மாதம் ட்யூஷன் எடுப்பேன். அந்த எண்ணின் விசேஷம் வேறே. அது பகா எண்.

சித்தப்பா: ஐயையோ! யாருக்குப் பகை?

சுஜா: பகை இல்லை, பகா. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மிச்சமில்லாமல் வகுபடாது.

சித்தப்பா: யாரோடும் ஒத்துப்போகாது. நம்ம தெற்கு வீட்டுக்காரன் மாதிரி. அதைத்தானே பகை என்கிறோம்?

சுஜா: 1772-ல் ஆய்லர் என்கிற கணக்கு மேதை நிரூபித்தது. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 46340 வரை உள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்கவேண்டும். 248-ன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வருகிறவை மட்டும் போதும் என்று வேலையைக் குறைத்தார்.

சித்தப்பா: கண் தெரியாத மனுஷனுக்கு இத்தனை பகையா!

சுஜா: பகா!

சித்தப்பா: அதைத்தான் சொல்கிறேன். எவ்வளவு வாங்கினார்?

சுஜா: என் பேரில் இன்னொரு ‘ஏ’ போடச் சொன்னவரும் இதே ஜோசியர்தானே? மார்க் ஷீட்டில் ஒரு ஏ. ஆதாரில் ரெண்டு ஏ. பாஸ்புக்கில் ஏ-யே இல்லை. இ-சேவை மையத்தில் என்னைக் கண்டாலே “எந்த சுஜா?” என்று கேட்கிறார்கள்.

(சித்தப்பா போன் திரையில் ஒட்டியிருந்த செல்லோடேப்பைக் கொஞ்ச நேரம் நகத்தால் சுரண்டினார்.)

சித்தப்பா: உனக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான்...

சுஜா: கிடைத்தது. பேர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

சித்தப்பா: சரி, பகை எளவை விடு. உங்கள் கணக்கில் இணக்கமான நம்பரே கிடையாதா?

சுஜா: உண்டு. நட்பு எண்கள் என்றே பேர். 220, 284. 220-ஐ மிச்சமில்லாமல் வகுக்கிற, அதைவிடச் சின்ன எண்களைக் கூட்டினால் 284. 284-க்கு 1, 2, 4, 71, 142. கூட்டுங்கள்.

சித்தப்பா (விரல் மடக்கி): மூன்று... ஏழு... எழுபத்தெட்டு... அட, 220!

சுஜா: இப்போது புரிகிறதா?

சித்தப்பா: நல்லாப் புரிகிறது. ரெண்டையும் சேர்த்து எழுதினால் 220284. ஆறு நம்பர்.

சுஜா: அதனால்?

சித்தப்பா: கேரளா சீட்டிலும் ஆறு நம்பர்தான் மக்ளே. களியக்காவிளை பஸ் போயாச்சா, பாரு.