பாட்டி நடை என்று சிரித்தவர்களுக்கு

நேற்று முன்தினம் அந்த நடைக் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றுகிறது, நான் வேறு தனியாகப் போடவில்லை. பார்க்காதவர்களுக்கு மட்டும்: ஏரியை ஒரு சுற்று நடந்து முடித்த பெரியவர் ஒருவர் சந்தோஷமாகப் படம் போட்டார். அட்மின் ஐயா கீழே வந்து, "சார், இது பாட்டி நடைக் குழு இல்ல" என்றார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. கொஞ்ச நேரத்தில் பதிவே காணோம். பெரியவரும் அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

சும்மா இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எளிய பாதை தானாக எளிதாகிவிடுவதில்லை. யாரோ யோசித்து, அளந்து, மண் கொட்டி, தண்ணீர் வடிய வழி பண்ணி எளிதாக்கியிருக்கிறார்கள். அட்மின் ஐயா ஏறும் மலையை யாரும் அவருக்காகக் கட்டவில்லை. அவர் சிரித்த ஏரிக்கரைப் பாதையை ஒருத்தர் இன்னொருத்தருக்காகக் கட்டியிருக்கிறார்.

ஆற்றோரப் பாதைகள் ஏன் இவ்வளவு சமமாக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? பல இடங்களில் அவை படகு இழுத்த குதிரைகளுக்காகப் போட்ட பாதைகள். குதிரை கரையில் நடக்கும், கயிற்றின் மறுமுனையில் சரக்குப் படகு வரும். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போகும் தேம்ஸ் பாத் 1996-இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி அந்தப் பழைய குதிரைப் பாதைதான். பாரம் இழுக்கிற குதிரைக்குப் பார்த்த கரிசனத்தை, ஊன்றுகோலோடு வருகிற மனிதருக்குப் பார்த்தால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

சரிவுக்கு வருவோம். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிலங்களில் போடும் நடைபாதைகளுக்கு 2013-இல் அணுகல் விதிகள், அதாவது மாற்றுத்திறனாளிகளும் போகும்படி பாதை போடுவதற்கான விதிகள், வெளியிட்டார்கள். 1:20 வரை சரிவு இருந்தால் எவ்வளவு நீளத்துக்கும் போகலாம். அதாவது 20 அடி நடந்தால் ஒரு அடி ஏற்றம். 1:12 வரை செங்குத்தானால் ஒரே மூச்சில் 200 அடிக்கு மேல் கூடாது, நடுவில் இளைப்பாற இடம் வேண்டும். 1:8 என்றால் வெறும் 10 அடி. இந்தக் கணக்கைக் காடு, மேடு, மரவேர், மழைத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் நடுவே தரையில் இறக்கிப் பாருங்கள், அது எவ்வளவு "எளிது" என்று தெரியும்.

விதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன், சரிவின் அருமை படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. நடக்கச் சொன்னார் டாக்டர், எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. ஆற்றோரப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அதற்கு முன் அந்தப் பாதை எனக்குத் தட்டையான பாதை. அப்பாவோடு போன பிறகுதான் அதில் மேடு இருப்பதே தெரிந்தது. "ஏம்மா, இங்க ஏறுதே?" என்பார். நான் குனிந்து பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. அவர் காலுக்குத் தெரிந்தது.

அவர் தூரத்தை மீட்டரில் சொல்லமாட்டார், பெஞ்ச்சில் சொல்வார். "அடுத்த பெஞ்ச் வரைக்கும் போலாம்மா." அதிலும் கைப்பிடி உள்ள பெஞ்ச், இல்லாத பெஞ்ச் என்று இரண்டு சாதி. கைப்பிடி இல்லாததில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். அது அவருக்குப் பிடிக்காது. அழகுக்காக முதுகு சாய இடமில்லாத கல் திண்ணை போட்டுவைக்கிறார்களே, அவற்றை வரைந்தவர்கள் முட்டி வலி என்றால் என்னவென்று அறியாத பாக்கியசாலிகள்.

பிறகு சக்கர நாற்காலி. அப்போதுதான் வாசலில் இருந்த இரும்புக் கம்பிகளைக் கவனித்தேன். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வளைத்து வளைத்துப் போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் பக்கவாட்டுச் சரிவில் ஏறி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்காலி நுழையவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அப்பா, "போதும்மா, பாத்தாச்சு, திருப்பு" என்றார். அங்கிருந்து ஆறு தெரியாது. எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

சரி, இதற்கு என்னென்ன சொல்வீர்கள் என்று தெரியும். "ஜோக்கை ஜோக்கா எடுத்துக்கணும்." எடுத்துக்கொண்டேன், சிரிப்பு வரவில்லை. அடுத்தது.

"குழுவுக்கென்று விதி இருக்கு." இருக்கட்டும். குழுவின் பெயரில் நடை என்றுதான் இருக்கிறது. இத்தனை மீட்டர் ஏறினால்தான் நடை என்று விதியில் எங்கேயும் பார்க்கவில்லை. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடைநேரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இந்தக் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் முதலில் வருவது தூரம், ஏற்றம் அதற்குப் பிறகுதான். முன்பாதியைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வீரம் என்று வைத்துக்கொண்டது நீங்கள்.

"சமதளத்தில் மெதுவா நடந்து என்ன பலன்? 10,000 காலடி நடந்தாலாவது சரி." இந்த 10,000 என்பது 1965-இல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரில் பிறந்த எண். ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. 2019-இல் சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆக, பாட்டிகள் நடக்கிற பாட்டி நடைக்கு ஆயுள் கணக்கில் இடமிருக்கிறது, ஐயா.

அப்புறம் சார்லஸ் டார்வின். அவர் தினமும் சுற்றிச் சுற்றி வந்தது வீட்டை ஒட்டிய ஒரு சரளைப் பாதையை. நம் குழுவில் படம் போட்டிருந்தால் அவருக்கும் இதே கதிதான்.

ஒரு மறுப்பு மட்டும் கொஞ்சம் கனமானது, ஒப்புக்கொள்கிறேன். "எல்லோருக்கும் பாதை என்று சொல்லித்தான் ஏரிக்கரை முழுக்க சிமெண்ட் பூசுகிறார்கள், நாணல் போய்விடுகிறது, பறவை கூடு கட்ட இடமில்லை." உண்மை. கரையைச் சுவராக்கினால் ஏரி தொட்டியாகிவிடும். ஆனால் எளிய பாதை என்றால் சிமெண்ட் என்று யார் சொன்னது? கல்தூளை ஈரமாக்கி இறுக்கினால் சக்கரம் ஓடும். சதுப்பு வந்தால் கால் நட்டு மரப்பாலம் போடலாம், பலகைகளைக் குறுக்கே வைத்தால் இடுக்கில் சக்கரம் சிக்காது. கூடு கட்டும் பக்கத்தை அப்படியே விட்டுப் பாதையை விலக்கிக் கொண்டுபோகலாம். பராமரிப்பு வேண்டும், பாசி வழுக்கும், ஆறு பொங்கினால் மூட வேண்டும், எல்லாம் சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். வாரா வாரம் பெரிய கூட்டமாக மலைச் சரிவில் ஏறி, ஒற்றையடிப் பாதையை வண்டித்தடம் மாதிரி அகலமாக்கி, மண் அரிக்க விட்டு வருகிறவர்களுக்கு நாணல் மேல் திடீர்ப் பாசம் எங்கிருந்து வந்தது? அந்தச் சக்கர நாற்காலி வரும்போதுதான் சுற்றுச்சூழல் ஞாபகம் வருமா?

கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு ஏப்ரலும் இதே குழுவில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலை பற்றிப் பதிவு வரும். 1932-இல் இங்கிலாந்தில் உள்ள அந்த மலையில் தொழிலாளிகள் பண்ணையார்களின் வேட்டை நிலத்துக்குள் கும்பலாக நுழைந்து நடந்தார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் வெளிநில அணுகலுக்கும் சட்டம் வந்தது. "நடப்பது எல்லோரின் உரிமை" என்று அட்மின் ஐயாவே எழுதுவார். நானும் இதயம் போட்டிருக்கிறேன். எல்லோரும் என்பதில் அந்தப் பெரியவர் வரமாட்டாரா? என் அப்பா வரமாட்டாரா? பண்ணையார் வேலி போட்டார், நீங்கள் ஸ்மைலி போடுகிறீர்கள்.

உண்மையில் அட்மின் எழுதியது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புகளில் ஒன்று என் பழைய சிநேகிதி போட்டது. அப்பா நாற்காலியின் ஒரு கைப்பிடியை அவள் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். அப்பா அவளை "என்னடி பொண்ணு, வேகமா போற" என்று அதட்டியிருக்கிறார். யோசிக்காமல் அமுக்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஃபோன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போய்விடுங்கள்.

குழுவிலிருந்து என்னை நீக்கும் சிரமம் அட்மின் ஐயாவுக்கு வேண்டாம், நானே வெளியேறிவிட்டேன். அந்தப் பதிவை மட்டும் திருப்பிப் போடுங்கள். வெறும் செல்ஃபி அல்ல அது. எங்கே நிழல், எங்கே தரை உடைந்திருக்கிறது, கழிப்பறை எந்த வாசலில், பெஞ்ச் எங்கெங்கே என்று அந்த மனிதர் வரிசையாக எழுதியிருந்தார். உங்கள் சிகரப் படங்கள் எதிலும் இத்தனை தகவல் நான் பார்த்ததில்லை.

கீழே ஒரு பெண், "அம்மாவுக்கு வீல்சேர், உள்ளே போகுமா?" என்று கேட்டிருந்தார். பதில் வருவதற்குள் பதிவு போய்விட்டது. அவர் இதைப் படித்தால்: போகும். பிரதான வாசல் வேண்டாம், அங்கே கம்பி இருக்கிறது. வடக்கு வாசலில் வாருங்கள். கிழக்குக் கரையில் கொஞ்ச தூரம் ஜல்லி உதிர்ந்து கிடக்கிறது, முன் சக்கரம் புதையும், அங்கே மட்டும் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வருகிறேன்.