சுவரில் படம் வரைந்தாயிற்று, அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டேன். கூட்டம் சேர்வதற்கு முன்னால் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. சைக்கிளில் போகும் அக்கா தம்பி ஓவியத்துக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும், வரிசையில் நிற்காமல் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது அன்றைக்குத்தான். பிள்ளைகள் இருவரும் சுவரில். சைக்கிள் மட்டும் நிஜம். துருவேறிய பழைய இரும்புச் சைக்கிள். தம்பி பின்னாலிருந்து அக்காவை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஆட்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கும்போது தோளும் முதுகும் உரசும் உயரத்தில் சாயம் வெளுத்துக் கிடக்கிறது. எத்தனை பேர் வந்து போனார்கள் என்பதற்கு அந்தத் தேய்மானமே கணக்கு.

2012இல், இந்தத் தெருக்கள் இருக்கும் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனின் கலை விழாவுக்காக எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற லித்துவேனிய இளைஞர் வரைந்தது அது. இங்கே இருந்த ஓர் அக்கா தம்பியைப் பார்த்துத்தான் வரைந்தார். ஆ குவீ ஸ்ட்ரீட்டில் மோட்டார் சைக்கிள் பையன், மந்திரி ஸ்ட்ரீட்டில் நீலச்சட்டைச் சிறுமி என்று அந்த வருடமே இன்னும் சில சுவர்கள் உயிர்பெற்றன. அடுத்த சில ஆண்டுகளில் பழைய நகரத்தில் காலிச் சுவர் கண்ட இடமெல்லாம் ஓவியம். சில அருமையானவை. ரஷ்யாவைச் சேர்ந்த ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியை முதன்முதலாகப் பார்த்தபோது என் தாத்தாவின் முகச்சுருக்கம் அப்படியே இருந்தது, சற்று நேரம் நகரவே முடியவில்லை. ஆனால் நிறைய சுவர்களில் வரைந்தவருக்கும் தெருவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் தாய்மாமா முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்தார். வாடகைக்குத்தான். ஒருநாள் காலையில் கடை திறக்கப் போனால், பக்கச் சுவரில் சாரம் கட்டி இரண்டு பேர் வரைந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சம்மதம் கொடுத்துவிட்டாராம். உள்ளே உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா கோபப்படவில்லை, படம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வருகிறவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் கடை முகப்பின் கூரையடி நடைபாதையான அஞ்சடியில் எப்போதும் கூட்டம். சட்டை அளவு கொடுக்க வருகிற பெரியவர்களுக்கு நடக்க வழி இல்லை. தையல் மெஷின் பக்கத்தில் யாராவது வந்து கேமராவை நீட்டுவார்கள். ஒன்றரை வருடத்தில் வாடகை ஏறியது, அதற்கடுத்த வருடம் இன்னொரு தடவை. மாமா கடையைக் காலி செய்துவிட்டு ஆயர் ஈத்தாம் பக்கம் போய்விட்டார். இப்போது அங்கே ஐஸ்கிரீம் விற்கிறார்கள்.

ஓவியத்தால்தான் வாடகை ஏறியது என்று சொல்ல வரவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியோடு முடிவுக்கு வந்ததிலிருந்தே இந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்த பிறகு வெளியிலிருந்து பணம் வந்தது. சுவரோவியம் அந்த நெருப்புக்குக் கொஞ்சம் விசிறிவிட்டது. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு சுவரில் படம் வரையலாமா என்று முடிவெடுக்கும்போது, அந்தச் சுவரில் சாய்ந்து வாழ்கிறவர் அங்கே உட்காரவே இல்லை. சுவர் வீட்டுக்காரருடையது, படம் கலைஞருடையது, கூட்டம் சுற்றுலாத் துறையுடையது. மாமா யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இதே ஊரில் நல்லபடியாகவும் ஒன்று நடந்திருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். சுவரோவியங்களுக்கு முன்பே, 2009இல், மாநில அரசு ஒரு போட்டி வைத்தது. பழைய நகரத்தின் தெருக்களை அடையாளம் காட்ட என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார்கள். வென்றது இரும்புக்கம்பியை வளைத்துச் செய்யும் சிற்பங்கள். கோட்டோவியத்தைச் சுவரில் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். வரைந்தவர்கள் மலேசியக் கேலிச்சித்திரக்காரர்கள். மொத்தம் 52. ஒவ்வொன்றும் அது மாட்டப்பட்டிருக்கும் தெருவின் கதையைச் சொல்லியாக வேண்டும். லவ் லேனில் பார்த்தால் ஒரு கணவன் ஜன்னல் வழியாகக் கள்ளத்தனமாக இறங்குகிறான். பணக்காரர்கள் அந்தச் சந்தில் சின்னவீடு வைத்திருந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. உலகப்புகழ் பெற்ற செருப்புக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று. கயிறு திரித்த தெருவுக்குக் கயிறு.

மாமாவுக்கு இந்தக் கம்பிச் சிற்பங்கள் என்றால் உயிர். என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டுவார். 'இதை மாட்டினவனுக்கு இந்தத் தெரு தெரிஞ்சிருக்கு' என்பார். நல்ல பொதுக்கலைக்கு அதைவிட நல்ல இலக்கணம் நான் கேட்டதில்லை. அது தற்செயலாக வந்த நன்மையும் இல்லை. என்ன வேண்டும் என்று முதலிலேயே சொன்னார்கள், திறந்த போட்டி வைத்தார்கள், செய்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். கம்பியைச் சுவரில் நான்கைந்து இடத்தில் பொருத்தினால் போதும், கழற்றவும் செய்யலாம். பழைய சுவர் சுவராகவே இருக்கும்.

சுவர் சுவராக இருப்பது பெரிய விஷயம். ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் செங்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவை. கீழே மண்ணிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் இன்றைய அக்ரிலிக் சாயத்தைக் கெட்டியாகப் பூசினால் ஈரத்துக்குப் போக வழி இருக்காது. மாமா கடையின் பக்கச் சுவரைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். ஓவியத்தின் கீழ்ப்பக்கம் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. ஒன்றை நகத்தால் லேசாக அழுத்தினேன். சாயம் தோல் மாதிரி உரிந்து வந்தது, பின்னாலிருந்த சாந்து ஈர மாவாகக் கையில் ஒட்டியது. நூறு வருடத்துக்கு மேல் நின்ற சுவர் அது. வரைந்த கலைஞர் எந்த நாட்டில் இருக்கிறாரோ. வீட்டுக்காரருக்குக் கூட்டம் வருகிறவரை கவலை இல்லை.

பாரம்பரிய மண்டலத்தில் கட்டடத்தின் முகப்பைத் தொட வேண்டுமானால் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இந்த விதிகளை இன்னும் இறுக்கியது. சரிதான், வேண்டியதுதான். ஆனால் அனுமதி என்பது ஒருநாள் வேலை, சுவர் வருடக்கணக்கில் நிற்கப்போவது. வரைய அனுமதி கொடுக்கும்போதே எத்தனை வருடத்துக்கு என்றும் எழுதிவிட வேண்டும். ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சுவரைப் பார்த்து, புதுப்பிப்பதா, அழிப்பதா, அப்படியே மங்கவிடுவதா என்று கலைஞரையும் கேட்டு முடிவு செய்யலாம். என்ன சாயம் என்பதும் அந்தத் தாளிலேயே வரவேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் கையெழுத்தும் வேண்டும். இது இல்லாமல் ஒரு சாரமும் கட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா 1959லேயே, நகர மறுசீரமைப்பு நிலத்தில் கட்டுகிறவர்கள் கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதன்பின் எத்தனையோ சின்ன ஊர்கள் அதையே பின்பற்றின. நம் ஊரில் எழும்பும் ஹோட்டல்களைப் பார்த்தால் ஒரு விழுக்காடே பெரிய தொகைதான். அந்த ஒரு விழுக்காட்டிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு எப்போதும் பணம் கிடைத்துவிடும். ஆறாவது வருடத்தில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் எங்கேயும் காசு இருப்பதில்லை.

மன்றத்துக்கு அதிகாரம் கொடு என்கிறாயே, அவர்கள் பிடிக்காததை எல்லாம் அழித்துவிட்டால் என்ன செய்வாய் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான பயம். 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் அதுதான் நடந்தது. இதே ஸக்கரேவிச் அங்கே ஒரு சுவர் மூலையில் வரைந்தார். ஒரு பக்கம் கைப்பையோடு நடந்து வரும் லெகோ பொம்மைப் பெண், மூலை திரும்பினால் கையில் கத்தியோடு காத்திருக்கும் லெகோ திருடன். பக்கத்தில்தான் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா புதிதாகத் திறந்திருந்தது. வழிப்பறி பயம் அந்த ஊர் மக்களின் அன்றாடப் பேச்சு. ஊரின் பெயர் கெட்டுவிடும் என்று அந்த ஊர் மாநகர் மன்றம் சில நாட்களிலேயே வெள்ளையடித்துவிட்டது. என்ன ஆயிற்று? அந்தப் படத்தை ஜனங்கள் ஒட்டுத்தாளாக அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள், சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சுவரில் இருந்திருந்தால் ஒரு மூலையோடு போயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: படம் என்ன சொல்கிறது என்பதில் மன்றம் தலையிடவே வேண்டாம். சுவர் தாங்குமா, குடியிருப்பவர் சம்மதித்தாரா, பாதை அடைபடுமா, பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் கேட்கட்டும். எந்தக் கலைஞர், எந்தக் கதை என்பதை அந்தத் தெருக்காரர்களும் இரண்டு மூன்று ஓவியர்களும் கட்டடப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரும் கொண்ட குழுவிடம் விட்டுவிடலாம். குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் முடிவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும்.

அப்புறம், எல்லாச் சுவரும் இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கவும் கூடாது. இளம் பிள்ளைகளுக்குத் தப்பு செய்து பார்க்க இடம் வேண்டும். ஹின் பஸ் டிப்போவைப் போய்ப் பாருங்கள். பழைய பேருந்துப் பணிமனை அது. 2014இல் ஸக்கரேவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாகத் திறந்தது. அங்கே ஒரு சுவரில் இன்று பார்த்தது அடுத்த வருடம் இருக்கும் என்று நிச்சயம் இல்லை, அதற்காக யாரும் அழுவதும் இல்லை. தனியார் நடத்தும் இடம். மன்றம் தன் பங்குக்கு அப்படி நாலு சிமெண்டுச் சுவரைப் பாலத்தடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் திறந்துவிட்டால் போதும். புது சிமெண்டுக்கு ஓதக் கவலை இல்லை.

கடைசியாக நம்முடைய விஷயம். சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் வந்தது. கிங் ஸ்ட்ரீட்டை அந்தக் காலத்துத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்றுதான் சொன்னார்கள். நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவர்கள் அங்கே இருந்தார்கள். இன்றைக்கு லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் பெண்ணிடம் கேட்டால்கூட அந்தப் பெயர் தெரியவில்லை, நான் கேட்டுப் பார்த்தேன். அடுத்து ஒரு போட்டி வைத்தால் இந்தத் தெருப்பெயர்களுக்காக வையுங்கள் என்று மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மாமாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படகுக்காரர்களைப் பற்றி அவருடைய அப்பா சொன்ன கதைகளை இந்த வாரம் என் கைப்பேசியில் பதிவு செய்தோம், இதுவரை நாற்பது நிமிடம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஏதாவது தெருவின் பழைய பெயர், அதற்கான காரணம் இருந்தால் கீழே எழுதுங்கள். கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.