ஹாரி பாட்டர் ஒன்பதாவது படம் வருகிறதா? உண்மை விளக்கம்

"ஹாரி பாட்டரும் சபிக்கப்பட்ட குழந்தையும் கதை படமாகிறது, டேனியல் ராட்கிளிஃப் உட்பட பழைய நடிகர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள்" என்று ஒரு போஸ்டர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையில்லை. அப்படி ஒரு படத்தை, ஹாரி பாட்டர் படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அறிவிக்கவே இல்லை.

அந்தக் கதை நாவலும் அல்ல. 2016-ல் லண்டனில் மேடையேறிய நாடகம் அது. கடைகளில் கிடைக்கும் புத்தகம் அந்த நாடகத்தின் வசனப் பிரதிதான். திரைப்பட வரிசை 2011-ல் எட்டாவது படத்தோடு முடிந்துவிட்டது.

சரி, அப்போது என்னதான் வருகிறது? ஒரு தொலைக்காட்சித் தொடர். ஏழு நாவல்களையும் எச்பிஓ என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்காகத் தொடராக எடுப்பதாக 2023 ஏப்ரலில் வார்னர் பிரதர்ஸ் தரப்பு அறிவித்தது. 2025 ஜூலையில் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது. ஹாரியாக நடிப்பது டொமினிக் மெக்லாக்லின் என்ற சிறுவன். கதை முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குவதால், ஹாரி, ரான், ஹெர்மாயினி என்ற மூன்று பிள்ளைகள் வேடத்துக்கும் புதிய சிறுவர் நடிகர்கள்தான். இந்த உண்மைச் செய்தியோடு பழைய படங்களின் முகங்களை ஒட்டி யாரோ ரசிகர்கள் செய்த போஸ்டர்கள்தான் இப்படிப் பரவுகின்றன. நிறுவனத்தின் சின்னம் போஸ்டரில் இருப்பதை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். வார்னர் பிரதர்ஸ், எச்பிஓ இரண்டின் அதிகாரப்பூர்வ தளங்களிலேயே சரிபார்க்கலாம்.

புத்தகத்தை நேசிக்கும் பிள்ளைகள் இதை நம்பி ஆசையோடு காத்திருப்பார்கள். தயவுசெய்து இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "இது பொய்ச் செய்தி" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.