மலைமேல் எழுதும் மருந்துச்சீட்டு

பாதுகாப்பாக மருந்து எழுதுவது என்று பேச்செடுத்தாலே எல்லாரும் டோஸ், அலர்ஜி, புரியாத கையெழுத்து என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மலையில் சீட்டு எழுதுகிற டாக்டர் அதற்கு முன்னால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இவரை நான் மறுபடி எப்போது பார்ப்பேன், இவருக்கு அடுத்த ரத்தப் பரிசோதனையை யார் எடுப்பார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், நாமக்கல்லில் சரியாக இருக்கிற அதே மாத்திரை மேலே கொல்லிமலைச் செம்மேட்டில் தப்பான மாத்திரை.

கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போட்டோ. ரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் கூலி போச்சு. இதயத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு வார்ஃபரினை விட்டால் வேறு வழியில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் அவர் வயிற்றுப்போக்கு என்று வந்து நிற்கும்போது மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியை எழுதப் போகிற கை கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடும். நகரத்தில் என்றால் நாலு நாள் கழித்து ஐஎன்ஆர் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிடலாம். இங்கே அந்த நாலாம் நாள் பஸ் கிடைக்குமா, அவர் இறங்குவாரா என்பதும் நம் கணக்கில் வர வேண்டும்.

கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இப்படித்தான். விலை மலிவு, எங்கேயும் கிடைக்கும், சர்க்கரையும் சட்டென்று இறங்கும். ஆனால் உடம்பில் ரொம்ப நேரம் நிற்கிற மருந்து. 70 வயது அம்மா காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ராத்திரி சர்க்கரை தாழ்ந்து கிடப்பார். வீட்டில் உள்ளவர்கள் அசதியில் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். 60 வயதுக்கு மேல் இது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் மேலேயே நிற்கட்டும் என்பது என் கட்சி. ரிப்போர்ட் அழகாக இருப்பதைவிட ஆள் காலையில் எழுந்திருப்பது முக்கியம்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற விஷயம் செட் மாத்திரை. மூட்டு வலி, உடம்பு வலி, காய்ச்சல், எதுவானாலும் கடையில் "ஒரு செட் குடுங்க" என்றால் போதும், அட்டையை வெட்டி, பேர் இருக்கிற பக்கம் கடையிலேயே தங்கிவிட, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு ரோஸ் என்று காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். என்ன சாப்பிட்டோம் என்று சாப்பிட்டவருக்கே தெரியாது. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும், சில சமயம் ஒரு ஸ்டீராய்டும். அவர் ஏற்கெனவே பிரஷருக்கு எனலாப்ரிலும், கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் மூன்றும் சேர்ந்து கிட்னியைப் பதம் பார்க்கும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு இன்னும் சீக்கிரம். ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை ஏறும், காரணம் தெரியாமல் நாம் சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவோம், அவர் செட்டை நிறுத்துகிற அன்று சர்க்கரை தடாலென்று இறங்கும். அதனால்தான் வருகிறவர்களிடம் வீட்டில் இருக்கிற மாத்திரை மொத்தத்தையும், காலி அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன். "அது எதுக்குங்க சாமி, ஒரு ஊசி போட்டு உடுங்க" என்பார்கள். பரவாயில்லை, பையைக் கொட்டிப் பார்க்கிற ஐந்து நிமிஷத்தில் தெரிவது அரை மணி நேர விசாரணையில் தெரியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வராது. ஆனாலும் சொல்கிறேன்: மாத்திரை போய்ச் சேருகிற வேகத்தில் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை போய்ச் சேருவதில்லை. தொலைமருத்துவமும் அப்படித்தான். 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டு நெறிமுறை போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளைத் தடுத்ததும், ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தைத் தொடர்ந்து எழுத இடம் கொடுத்ததும் சரிதான். ஆனால் போனில் தொடர்ந்து எழுதுவது ரொம்பச் சுலபமாகிவிட்டது, அதுதான் எனக்குப் பயம். வீடியோ டாக்டரை மலைக்குக் கொண்டுவந்துவிட்டது, லேப் இன்னும் கீழேதான் இருக்கிறது.

முடக்குவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரே வார்த்தை. வாரம் ஒரு நாள் போடுகிற மருந்தைத் தினமும் போட்டால் உயிரே போகும். கூடத் தருகிற ஃபோலிக் ஆசிடும் பல சமயம் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் எழுதாதீர்கள், "ஞாயிறு மட்டும்" என்று கிழமை போட்டுத் தமிழில் எழுதுங்கள், நாலு வாரத்துக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கலாம்: வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாமல் இருக்கிற நாளில் எனலாப்ரில், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, நீர் மாத்திரை மூன்றையும் நிறுத்திவிட்டு நர்ஸுக்கு உடனே போன் செய்யவும், சாப்பிட ஆரம்பித்ததும் அவரிடம் கேட்டுத் தொடரவும். எந்த டாக்டரும் வந்து சேர முடியாத மழை நாளில் அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் முடிவெடுக்கலாம். அதற்கான அதிகாரத்தை எழுத்தில் அவருக்குக் கொடுக்கத்தான் நமக்கு மனசு வருவதில்லை.