எம்சி போட்ட ஆட்டக்காரனும் எங்கள் தோட்டத்து மண்டோரும்

முந்தாநாள் ராத்திரி எங்கள் வாட்சாப் குழுவில் ஒருவர் பதினொரு விநாடி வீடியோ ஒன்றைப் போட்டார். பழசுதான். மென்செஸ்டர் யுனைடெட் சட்டையில் இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட். பந்து பறிபோன பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார். யாரோ அதை மெதுவாக ஓடவிட்டு, எழவு வீட்டுப் பாட்டு மாதிரி ஒரு இசையையும் சேர்த்திருக்கிறார்கள். கீழே நம்மாள் எழுதியது: "இவனெல்லாம் ஒரு பிளேயரா? கம்பெனில இப்படி நடந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான்." அப்புறம் என்ன, எண்பது மெசேஜ். ஆள் கிளப்பை விட்டு ஆஸ்டன் வில்லா போய், பார்சிலோனாவும் போயாயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அவரை இன்னும் விடவில்லை.

நானும் நீளமாக ஒன்று தட்டினேன். அனுப்பவில்லை. அந்தக் குழுவில் என் மாமனார் இருக்கிறார். அதனால் இங்கே எழுதுகிறேன், அவருக்கு முகநூல் கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யுனைடெட் கட்சி. எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், அது பலகையில் இருக்கிறது, வாயில் வரவில்லை. இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தென்னமரம் தோட்டம் (1917) எங்கள் பக்கம்தான். ஆனால் என் அப்பா கடைசிவரை பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம்தான் வெட்டினார். 1999 மே மாதம் பார்சிலோனாவில் யுனைடெட் பாயர்ன் மியூனிக்கை ஜெயித்ததே, அது நமக்கு விடியற்காலை நாலரை மணி. சோல்ஷார் இரண்டாவது கோலைப் போட்டபோது நான் லயத்து வீட்டில் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்ப நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜெயிச்சாச்சில்ல? அந்தத் தண்ணி போத்தல எடு" என்றார்.

சரி, ராஷ்ஃபோர்ட். ரசிகனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2022-23 பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 30 கோல். அதை வைத்து 2028 வரை ஒப்பந்தம். சம்பளம் வாரத்துக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த பருவத்தில் மொத்தம் 8 கோல். 30 எங்கே, 8 எங்கே? கேட்கத்தான் செய்வார்கள்.

அதைவிடப் பெரியது பெல்ஃபாஸ்ட் கதை. 2024 ஜனவரி. ஆள் அங்கே ராத்திரி கேளிக்கை விடுதிக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டார். மலேசியாவில் வேலை பார்க்கிற எவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை எம்சி போடுகிறவனை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் நானும் அவரைப் பார்த்தேன். அப்போதைய பயிற்சியாளர் எரிக் டென் ஹாக் நியூபோர்ட் ஆட்டத்துக்கு அவரைச் சேர்க்கவில்லை, நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். கிளப்பும் அவர் தவற்றை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி விஷயத்தை முடித்தது. அடுத்த ஆட்டத்திலேயே, வுல்வ்ஸுக்கு எதிராக, ஐந்தாவது நிமிடம் கோல் போட்டார் என்பது வேறு விஷயம். கோல் போட்டால் எம்சி நியாயமாகிவிடாது.

அது ஒழுங்குப் பிரச்சினை. கண்ணுக்குத் தெரிந்த தப்பு, தண்டனை கொடுத்தார்கள். எனக்கு ஒத்துவராதது அந்தப் பதினொரு விநாடி. முகத்தில் சிரிப்பு இல்லை, தோள் தொங்குகிறது, கோல் போட்டாலும் கொண்டாடவில்லை, ஆகவே மனசு இல்லை, ஆகவே ஏமாற்றுக்காரன். நடையைப் பார்த்து மனசைச் சொல்கிற இந்த ஜோசியத்தை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். அப்பா வெட்டுகிற மர வரிசையில், அதாவது நிரையில், பால் குறைந்துகொண்டே போனது. ஸ்டோரில் எடை போடும்போது அவர் வாளி மட்டும் எப்போதும் பாதி. வேலை வாங்குகிற மண்டோர் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால், "ஆளு நடக்குற நடையப் பாரு. ராத்திரி தண்ணியப் போட்டா காலைல எப்படிக் கை வேலை செய்யும்?" என்றார். அப்பா குடிப்பது சம்பள வாரத்தில் மட்டும், அதுவும் ஒரு நாள். அவர் மெதுவாக நடந்ததற்குக் காரணம் முழங்கால். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் கழித்து மண்டோருக்கு மேலே இருக்கிற தோட்ட அதிகாரி, கண்டக்டர், வந்து நிரையைப் பார்த்தார். லீவு நாள், நானும் ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய பால்) பொறுக்கக் கூடப் போயிருந்தேன். ஒரு மரத்தில் பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவிக் காட்டினார். உள்ளே பழுப்பு. பால் வடிகிற மங்கில் (கிண்ணத்தில்) நாலு சொட்டுக்கூட இல்லை. நாலைந்து மரம் தாண்டி இன்னொன்று, அதுவும் பழுப்பு. பட்டை காய்ந்துபோன மரத்தை எந்தக் கொம்பன் வெட்டினாலும் பால் வராது. நன்றாக வருகிறதென்று அதற்கு முந்தின வருடம் முழுக்க மருந்து தடவித் தடவி வெட்டச் சொன்னது நிர்வாகம்தான். வெட்டு அதிகமானால் மரம் இப்படித்தான் காயும், அப்புறம் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மண்டோர் அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, குடிகாரன் என்றும் சொல்லவில்லை. ஊரில் பேர் மட்டும் நின்றுவிட்டது.

உடனே ராஷ்ஃபோர்டும் என் அப்பாவும் ஒன்றா என்று கேட்டுக்கொண்டு வராதீர்கள். அப்பாவுக்கு யாரும் வாரத்துக்கு மூன்று லட்சம் பவுண்டு கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் இந்தப் பதிவை நான் லண்டனிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் ஆளின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். 2016 பிப்ரவரியில் 18 வயதில் முதல் ஆட்டம், இரண்டு கோல். அன்றிலிருந்து இடைவெளியே இல்லை. 2020 ஜனவரியில் முதுகெலும்பில் எலும்பு விரிசலோடு வெளியே போனார். அடுத்த பருவத்தில் தோள் காயத்தோடேயே ஆடி, 2021-இல்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த வருடம் யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டி தவறியதற்கு இனவெறி ஏச்சு வேறு. அவர் வளர்ந்த மென்செஸ்டரில் சுவரில் வரைந்திருந்த அவர் படத்தையே கிறுக்கி நாசம் பண்ணினார்கள். 8 கோலுக்கு இதெல்லாம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் "மனசு இல்லை" என்று அந்த வீடியோ போட்டவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இங்கே ஒருவர் சரியாக மடக்குவார்: டென் ஹாக்குக்குப் பிறகு வந்த பயிற்சியாளர் அமோரிமே சொன்னாரே? சொன்னார். 2024 டிசம்பரில் மென்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்துக்கு ராஷ்ஃபோர்டை அணியிலேயே சேர்க்கவில்லை. நமக்கு அது ராத்திரி பன்னிரண்டரை மணி ஆட்டம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) பெயர்ப் பட்டியல் வந்ததும் ஒருவர் கை தட்டினார், அவர் யுனைடெட் ரசிகர்தான். அடுத்த மாதம், தினமும் முழுசாக உழைக்காதவனை உட்கார வைப்பதைவிட 63 வயது கோல்கீப்பர் பயிற்சியாளரையே பெஞ்சில் உட்கார வைப்பேன் என்று அமோரிம் சொன்னார். அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். அவர் அப்போது தினமும் பயிற்சித் திடலில் நின்றவர், பார்த்துச் சொன்னார். நாம் பார்ப்பது ஆஸ்ட்ரோ டிவியில் தொண்ணூறு நிமிடம், அதிலும் கேமரா பந்து போகிற பக்கம்தான் போகும். அமோரிம் சொன்னதை வைத்துத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பதினொரு விநாடியை வைத்துத் திட்டாதீர்கள்.

பார்சிலோனா போய் நியூகாசல் திடலில் இரண்டு கோல் போட்டதும், "பாத்தியா, அப்ப யுனைடெட்ல வேணும்னேதான் ஆடல" என்றார்கள். ஆடாவிட்டால் சோம்பேறி, ஆடினால் துரோகி. எப்படி விழுந்தாலும் குற்றம்தான்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வேறு மாதிரி. ஆட்டம் மந்தமானால் அவர்கள் வாயில் முதலில் வருவது "காசு வாங்கிட்டான்". அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மலேசியக் கால்பந்தின் 1994 லஞ்ச விவகாரத்தில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கம், 58 பேருக்குத் தடை. தான் உயிரைக் கொடுத்துக் கத்திய ஆட்டம் முன்கூட்டியே விலை பேசியது என்று தெரிந்தால் எவனுக்கும் நம்பிக்கை போகும். ஸ்பைடர்மேன் என்று பேர் வாங்கிய மலேசிய கோல்கீப்பர் ஆறுமுகத்தை மெர்டேக்கா ஸ்டேடியத்தில் நேரில் பார்த்த என் மாமா, 94-க்குப் பிறகு உள்ளூர் ஆட்டம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

சில வருடங்களுக்கு முன்னால் என் சித்தி மகன் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு கிளப்புக்கு ஆடினான். எங்கள் லயத்திலிருந்து அந்த அளவுக்குப் போன முதல் பையன். ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து பன்னிரண்டு பேர் போனோம். இடது பக்கம் விங்கில் ஆடுகிறவன், அன்றைக்கு அறுபதாவது நிமிடத்துக்கு மேல் காலை இழுத்துக்கொண்டு நடந்தான். பந்து அவனைத் தாண்டிப் போகிறது, அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு மானம் போய்விட்டது. வேலியோரம் நின்று, "சம்பளம் வாங்குறல்ல? ஓடுடா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர்களுக்குத் தமிழ் புரியாது, அவனுக்குப் புரியுமே. அவன் திரும்பவில்லை. எழுபதாவது நிமிடம் வெளியே எடுத்துவிட்டார்கள்.

ராத்திரி சித்தி வீட்டில் சாப்பாடு. ஐஸ் வாங்கிய பிளாஸ்டிக் பையை அப்படியே முட்டியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேட்டுச்சுண்ணே" என்றான். அப்புறம் ஃபோனை எடுத்து பேங்க் கணக்கைத் திறந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கிளப்பிலிருந்து கடைசியாகக் காசு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னத் தொகைகள். 14 வெள்ளி (ரிங்கிட்), 9 வெள்ளி, 22 வெள்ளி. கிராப் வாடகை வண்டி ஓட்டிய காசு. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரியும் இரண்டு மணி வரை ஓட்டியிருக்கிறான். "எண்ணெய்க் காசு போக வீட்டு வாடகைக்குச் சரியா இருக்குண்ணே." சித்திக்கு அது தெரியாது, அதனால் சத்தமாகச் சொல்லவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் இறங்கியது, சித்தி மீன் குழம்பு அப்படி. வீட்டுக்கு வந்த பிறகுதான் தூக்கம் வரவில்லை.

அந்தக் கிளப் அடுத்த பருவம் லீக்கில் இல்லை. பாக்கிச் சம்பளமும் வரவில்லை. அவனுக்கு மட்டும் நடந்ததில்லை இது. 2025-26 பருவம் தொடங்குமுன் கெடா, பேராக் மாதிரி பெயர்பெற்ற அணிகளே பணப் பிரச்சினையில் மலேசிய சூப்பர் லீக்கில் இல்லாமல் போனதை எல்லாரும் படித்தோம். அதற்கு முன் அவர்களுடைய ஆட்டங்களில் எத்தனை பேர் என்னை மாதிரி வேலியோரம் கத்தியிருப்பார்களோ.

தம்பி இப்போது செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய பள்ளிக்கூடத் திடலில் எங்கள் ஊர் அணிக்கு ஆடுகிறான், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. இந்த வாரமும் ஆட்டம் இருக்கிறது, ஐந்து மணி. அந்த வீடியோ போட்ட நண்பரும் வருவார், தே தாரேக் டீ என் கணக்கு. தம்பி நடந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ரெஃப்ரியை "காயு" (மலாயில் மரக்கட்டை) என்று கத்துவதை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.