வாரம் ஒரு பாடம், வாரம் ஒரு வம்பு

பாம்பன் தெற்குக் கடற்கரை. பிற்பகல் மூன்று மணி. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது. பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலி காயப் போட்டிருக்கிறார்கள். காவலுக்கு இரண்டு பேர். மேரி, தெருவில் கூறு போட்டு மீன் விற்பவள். லூர்து, அவளுடைய அண்ணன் மனைவி, கருவாட்டு வியாபாரம். லூர்து பக்கத்தில் ஒரு கைத்தராசு இருக்கிறது. அதில் எடைக்கல் கிடையாது. கடலில் எடுத்த கல் ஒன்றுதான். அரைக் கிலோ என்பது ஊர் நம்பிக்கை.

கரையேற்றிய வல்லத்தின் நிழலில் நான் படுத்திருந்தேன். தூங்குகிறான் என்று நினைத்துத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள். அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

லூர்து: என்ன மேரி, முகம் நேற்றுப் போட்ட கருவாடு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது?

மேரி: 'நேற்று' என்று மட்டும் சொல்லாதீர்கள் மதினி. எல்லா வினையும் அந்த ஒரு வார்த்தையால்தான் வந்தது.

லூர்து: நேற்று உன்னை என்ன செய்தது?

மேரி: எங்கள் ஜெனி மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடம் படித்துவிட்டு வருகிறாள். பள்ளியில் பாடம், வீட்டில் பரீட்சை. பரீட்சை அவளுக்கு இல்லை, எங்களுக்கு. போன வாரம் நேற்று, இன்று, நாளை. சனிக்கிழமை என் கூடவே கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பாலத்தில் இருந்து ஒரு கார் இறங்கி வந்து நின்றது. கோயம்புத்தூர்க்காரர்கள். அந்த அம்மாள் பாறை மீனைத் தூக்கிப் பார்த்து, "இது இன்றைக்குப் பிடித்ததா?" என்று கேட்டாள்.

லூர்து: நீ என்ன சொன்னாய்?

மேரி: ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான். இப்போதுதான் வலையை விட்டு இறங்கியது, இன்னும் மூச்சே அடங்கவில்லை என்றேன். பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, தப்பு. நேற்றுப் பிடித்தார்கள். இன்று விற்கிறோம். விற்காவிட்டால் நாளை கருவாடு."

லூர்து: (கையில் இருந்த குச்சியைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள்) அடியாத்தி! மூன்று காலத்தையும் ஒரே மீனில் முடித்துவிட்டாளே!

மேரி: வாக்கியத்தில் ஒரு பிழை கிடையாது மதினி, அதுதான் வயிற்றெரிச்சல். அந்த அம்மாள் மீனைக் கீழே வைத்தாள். பிள்ளை கன்னத்தைக் கிள்ளினாள். கையில் பத்து ரூபாயும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் இருந்து அவளுக்குப் பத்து ரூபாய் வரும்படி, எனக்கு ஒரு மீன் நஷ்டம்.

(குச்சி கீழே கிடப்பதை எங்களுக்கு முன்பே காக்காய்கள் பார்த்துவிட்டன. இரண்டு நெத்திலி போன பிறகுதான் லூர்து குச்சியை எடுத்தாள்.)

லூர்து: சின்னப் பிள்ளை, விடு.

மேரி: சின்னப் பிள்ளையா? பள்ளி திறந்த முதல் வாரமே ஆரம்பித்துவிட்டாள். பழைய பாடத்தைத் திரும்பப் பார்க்கிறார்களாம், எண்கள். நேரே வந்து என் கூறுகளை எண்ணினாள். "எல்லாக் கூறும் நூறு ரூபாய் என்கிறாய். இதில் 11 நகரை மீன் இருக்கிறது, அதில் 9தான் இருக்கிறது. எது சரியான விடை?" வாங்க வந்தவர்கள் முன்னால் கேட்கிறாள். ஒன்பது இருந்த கூறை அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் தொடவில்லை.

லூர்து: மீன் பெரிதாக இருந்தால் எண்ணிக்கை குறையும் என்று சொல்ல வேண்டியதுதானே?

மேரி: சொன்னேன். அடுத்த வாரமே அதற்கும் பாடம் வந்துவிட்டது. ஏறு வரிசை, இறங்கு வரிசை. கூறைக் கலைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ எப்போதும் இறங்கு வரிசையில்தான் அடுக்குகிறாய். மேலே பெரியது, அடியில் பொடி" என்றாள்.

லூர்து: அது நம் பாட்டி காலத்து வரிசை. அதை எந்தப் புத்தகத்தில் போட்டார்கள்?

மேரி: பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மாமியாரை 'அரும்பு'வில் போட்டுவிட்டாள்.

லூர்து: எதில் போட்டாள்?

மேரி: இந்த 'எண்ணும் எழுத்தும்' இருக்கிறது இல்லையா, 2022-ல் கொண்டு வந்தார்களே. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எட்டு வயதுக்குள் தப்பில்லாமல் எழுதப் படிக்க, கணக்குப் போட வர வேண்டுமாம். கொரோனாவில் பிள்ளைகள் எல்லாம் மறந்துபோய் உட்கார்ந்தார்களே, அதற்காகத்தான். என் மூத்தவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஒன்றாம் வகுப்பு. பள்ளி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. ஒன்றாம் வகுப்பு முழுவதையும் நம் திண்ணையிலேயே முடித்துவிட்டு, நேராக இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். பள்ளிக்கு எந்த வாசல் வழியாகப் போவது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

லூர்து: சரி, அதில் உன் மாமியார் எங்கே வந்தார்?

மேரி: ராத்திரி எங்கள் வீட்டில் வகுப்பு நடக்கிறது மதினி. அப்பத்தாவுக்கு எழுதவே வராது, அதனால் அரும்பு. நான் கையெழுத்து மட்டும் போடுவேன், அதனால் மொட்டு.

லூர்து: உன் வீட்டுக்காரர்?

மேரி: எட்டாம் வகுப்பு படித்தவராயிற்றே, மலர் என்றுதான் அவரும் நினைத்தார். கடிகாரப் பாடம் வந்த வாரம் அதுவும் போயிற்று. "படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது அப்பா?" "ஐந்து." "நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்?" "ஒன்பது." "கரையில் இருந்து வீடு எவ்வளவு தூரம்?" அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே மொட்டுக்கு இறக்கிவிட்டாள்.

லூர்து: நல்ல வாத்தியார். எனக்கே படிக்கலாம் போல இருக்கிறது.

மேரி: என் மாமியார்தான் பாவம். ராத்திரி கரித்துண்டை வைத்துச் சுவர் முழுக்க 'அ' போடுகிறார். சுழி சரியாக வரவில்லை. இவள் தலையில் தட்டிக் கொடுத்து, "பரவாயில்லை அப்பத்தா, முன்னேற்றம் இருக்கிறது" என்கிறாள். ஆனால் ஒரு வாரம் மட்டும் அப்பத்தாவுக்கு யோகம் அடித்தது. திசைகள். வீட்டுப் பாடம் செய்யும்போது என்னிடம் கேட்டிருந்தால் வடக்கு, தெற்கு என்று சொல்லியிருப்பேன். இவள் அப்பத்தாவிடம் போய்விட்டாள். அவர் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாடை அடிக்கிற பக்கம், சோழகம் அடிக்கிற பக்கம், கச்சான் பக்கம், கொண்டல் பக்கம் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லியிருக்கிறார். இவள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

லூர்து: டீச்சர் தப்புப் போட்டிருப்பாரே?

மேரி: டீச்சர் உள்நாட்டுக்காரர், சோழகம் என்றால் என்ன என்றே தெரியவில்லை. சோழ ராஜா யாராவது இந்தப் பக்கம் வந்தாரோ என்று நினைத்திருக்கிறார். அப்புறம் அது தென்காற்று என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அப்பத்தாவை வகுப்புக்கே வரச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனார் மதினி! பிள்ளைகளை எல்லாம் வெளியே கூட்டி வந்து, மணலை அள்ளிப் பறக்கவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறது, எந்தக் காற்றில் படகு இறக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் பாடம். திரும்பி வந்து, "என்னை மலரில் போடு" என்றார். "அது வேறு, இது வேறு அப்பத்தா. 'அ' எழுது" என்றுவிட்டாள்.

(இந்த இடத்தில் நானும் லேசாகக் கண்ணைத் திறந்து காற்று வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். நான் எழுத்தில் மலர், காற்றில் அரும்பு.)

லூர்து: டீச்சர் செய்தது சரிதான். நம் கலாம் ஐயாவுக்கும் ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் அப்படி ஒரு வாத்தியார் இருந்தார் இல்லையா, சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டுச் சொன்னார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், பறக்கிற பறவையையே காட்டினார். ஐயா பெரிய ஆளான பிறகும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேரி: அவர் பறவையைப் பார்த்தார், ராக்கெட் பறந்தது. இவள் என் கூறைப் பார்த்தாள், வாடிக்கை பறந்தது.

லூர்து: குறை மட்டும்தான் சொல்வாயா? பள்ளிக்கூடத்தால் ஒரு நன்மையும் இல்லையா?

மேரி: அப்படிச் சொன்னால் வாய் வெந்துபோகும். நான் நாலு மணிக்கே கரைக்கு வந்துவிடுகிறேன், அடுப்புப் பற்ற வைக்க யார் இருக்கிறார்கள்? முன்பு பிள்ளைகள் ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டுப் போகும், பாதி நாள் அதுவும் கிடையாது. 2023 ஆகஸ்டில் இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலும் காலைச் சாப்பாடு வந்துவிட்டது. பொங்கல், கிச்சடி என்று நாளுக்கு ஒன்று. மத்தியானம் முட்டை. அந்த வகையில் கவலை இல்லை. ஆனால் கிழமைப் பாடத்தைக் கூட அவள் படகை வைத்துத்தான் படித்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து என்ன வரும்?" என்று டீச்சர் கேட்டால், "விசைப்படகு போகும்" என்கிறாள்.

லூர்து: விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. ராமேசுவரத்தில் கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியுமே. இதில் தப்பு என்ன இருக்கிறது?

மேரி: தப்பில்லை. செவ்வாய்க்கிழமை என்ன வரும் என்றதற்கு "படகு கரைக்கு வரும், அப்பா அம்மா சண்டை வரும்" என்றிருக்கிறாள். அதுவும் தப்பில்லை என்று வையுங்கள்.

லூர்து: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) போதும் மேரி, விலா நோகிறது.

மேரி: இருங்கள், பெரியதை இன்னும் சொல்லவில்லை. கழித்தல் பாடம். எல்லாரும் சொந்தமாக ஒரு வாழ்க்கைக் கணக்கு எழுதி வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் ராமு மாம்பழம் வாங்கினான், சீதா பென்சில் வாங்கினாள் என்று எழுதியிருக்கின்றன. இவள் என்ன எழுதினாள் தெரியுமா? எனக்கு மனப்பாடம். "என் அம்மா 1,000 ரூபாய் கடன் வாங்கினாள். தண்டல் மாமா 850 ரூபாய் கொடுத்தார். அம்மா வாரம் 100 ரூபாய் வீதம் 10 வாரம் திருப்பிக் கொடுத்தாள். மாமா கூடுதலாக வாங்கியது எவ்வளவு?"

லூர்து: ஐயோ. டீச்சர் என்ன சொன்னார்?

மேரி: சரி என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வியாழக்கிழமை தண்டல்காரர் வண்டியை நிறுத்துகிறார், இவள் நோட்டோடு எதிரே போய் நிற்கிறாள். "மாமா, விடை 150. சரியா?" அவருக்கு விஷயம் புரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்து, "சரிதான் பாப்பா, கெட்டிக்காரி" என்றார். "அப்படியானால் அந்த 150 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கையை நீட்டிவிட்டாள்.

லூர்து: கொடுத்தாரா?

மேரி: எங்கே கொடுப்பார்? வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். போன வேகத்தில் அந்த வாரத்து நூறு ரூபாயை வாங்க மறந்துவிட்டார். இப்போதெல்லாம் வியாழக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு வருகிறார். தெருமுனையில் நின்று, "பாப்பா பள்ளிக்கூடம் போயாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

(லூர்து சிரித்த சிரிப்பில் காக்காய்களே எழுந்து பறந்தன. அரை மணி நேரமாகக் குச்சியால் ஆகாத காரியம்.)

லூர்து: உன் மகளை நான் தத்து எடுத்துக்கொள்கிறேன். இப்படி ஒன்று வீட்டில் இருந்தால் எவனும் ஏமாற்ற முடியாது. சரி, இந்த வாரம் என்ன பாடம்?

மேரி: அளத்தல். கிலோ, கிராம்.

(சிரிப்பு நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.)

லூர்து: எழுதிப் பார்ப்பதுதானே? நோட்டில்தானே?

மேரி: எடை போட்ட பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற பொருள்களை அதோடு ஒப்பிட்டு, எது கனம், எது லேசு என்று எழுத வேண்டுமாம். நேற்றே அரைக் கிலோ ரவை பாக்கெட் வாங்கி வைத்துவிட்டாள். முதலில் லூர்து அத்தையின் கல் என்றாள்.

லூர்து: அடிப்பாவி! மூன்று மணியில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறாய், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

மேரி: நீங்கள் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

லூர்து: அது என் மாமியார் காலத்துக் கல்! முத்திரை குத்திய கல்லுக்கு நான் எங்கே போவேன்? காலம் காலமாக அரைக் கிலோ என்று ஊரே ஒப்புக்கொண்ட கல்.

மேரி: அவள் ரவை பாக்கெட் ஒப்புக்கொள்ள வேண்டுமே. மணி நாலேகால். அதோ வருகிறாள்.

(ஜெனி மணலில் ஓடி வந்துகொண்டிருந்தாள். முதுகில் பை, கையில் பாக்கெட். லூர்து தராசுத் தட்டில் இருந்த கல்லை எடுத்து வல்லத்துக்கு அடியில் வீசினாள். அது என் தலைமாட்டில் வந்து விழுந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன். எனக்கென்னவோ நானூறு கிராமுக்கு மேல் தோன்றவில்லை.)

லூர்து: வாடி என் செல்லமே. கல்லா? எந்தக் கல்? அத்தை இப்போது எடை போட்டு விற்பதே இல்லை. உன் அம்மா மாதிரி கூறுதான்.

ஜெனி பாக்கெட்டைக் கீழே வைத்தாள். வலை முழுக்கப் பரந்து கிடந்த நெத்திலியை ஒரு தடவை பார்த்தாள். "கூறு என்றால் எண்ண வேண்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்து வரும்போது முந்நூற்றுப் பன்னிரண்டில் இருந்தாள். வலையின் ஒரு மூலைகூட முடிந்திருக்கவில்லை.